மடுவை நெருங்கும் விதம்

ஆழமில்லாத ஆற்றில் கெளுத்தி பிடிக்கப் போவதாக யாராவது சொன்னால், என்ன இரை, எந்தத் தூண்டில் முள் என்று நான் கேட்பதில்லை. படகை எங்கே நிறுத்துவீர்கள், எப்படி நிறுத்துவீர்கள் என்றுதான் கேட்பேன். கரையிலிருந்து வீசுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆழமான ஆற்றில் இருப்பவருக்கும் அவ்வளவாக இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், படகின் அடிப்பலகைக்கும் மீனின் முதுகுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கும். அங்கே தூண்டில் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

கெளுத்தியின் கண் சிறியது, கலங்கல் தண்ணீரில் அதனால் பெரிய பயனும் கிடையாது. ஆகவே அதற்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு படகில் தடதடவென்று நடப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். அந்த மீனின் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் இடையே சிறுசிறு எலும்புகள் கோத்தாற்போல் அமைந்திருக்கின்றன. எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் 1820-இல் இவற்றை விவரித்தார். அவர் பெயராலேயே வெபர் எலும்புகள் என்கிறார்கள். தண்ணீரில் வரும் அதிர்வு காற்றுப்பையில் பட்டு இந்த எலும்புகள் வழியே காதுக்குப் போய்விடும். காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, தண்ணீரில் சுமார் 1,480 மீட்டர் போகிறது. அலுமினியப் படகின் தரையில் ஒரு பெட்டியை நகர்த்தினால் போதும், மடுவில், அதாவது ஆற்றின் அடியில் உள்ள ஆழக் குழியில், கிடக்கும் மீன் இரை தேடுவதை மறந்துவிடும்.

எங்கள் படகு அடி தட்டையானது. நானும் தம்பியும் ஏறினாலும் முழங்காலளவுத் தண்ணீரில் தாராளமாகப் போகும். தரை முழுக்கத் தடித்த சாக்கு விரித்திருக்கிறோம்; பெட்டி, வலை, தண்ணீர்க் குடுவை எல்லாம் அதன் மேல்தான். நங்கூரச் சங்கிலிக்குத் துணி சுற்றியிருக்கிறது. மோட்டாரை மடுவுக்கு வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு தம்பி பின்னால் நின்று மூங்கில் கழியால் தள்ளுவான், நான் முன்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பேன்.

கழியைத் துடுப்பைவிட நான் மேலாக மதிப்பதற்குக் காரணம் சத்தம் குறைவு என்பது மட்டுமல்ல. ஆற்றின் அடி எப்படி இருக்கிறது என்பதைக் கைக்குச் சொல்வது அதுதான். மணலில் ஊன்றினால் நறநறவென்ற உணர்வு மூங்கில் வழியே உள்ளங்கைக்கு ஏறும். சேற்றில் ஊன்றினால் மெதுவாக இறங்கும், பிடுங்கும்போது விட மனமில்லாமல் இழுக்கும். கல் பட்டால் டக்கென்று அடிக்கும். அப்படிக் கல் தட்டினால் தம்பி உடனே கழியைத் தூக்கிவிடுவான், நீரோட்டமே படகை நகர்த்தட்டும் என்று இருவரும் அசையாமல் இருப்போம். ஊன்றிய கழி ஓரிடத்தில் திடீரென்று மார்பளவு இறங்கினால் மடு வந்துவிட்டது என்று பொருள்.

மடு எங்கே இருக்கும் என்பதை ஆறே காட்டுகிறது. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரைப் பக்கம் ஓட்டம் வேகமாக இருப்பதால் அங்கே அடி அரிக்கப்படுகிறது. உட்கரைப் பக்கம் வேகம் குறைந்து மணல் படிந்து திட்டாகிறது. வெளிக்கரையில் மண் குடைந்து வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தாலோ, மரம் ஒன்று சாய்ந்து தண்ணீரில் கிடந்தாலோ, பகலில் கெளுத்தி ஒதுங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பொழுது சாய்ந்தால் அங்கிருந்து வெளியே வந்து மணல் திட்டின் ஓரம் வரைக்கும் மேயும். மழைக்குப் பிறகு தண்ணீர் சற்று ஏறிக் கலங்கினால் பகலிலும் வரும்.

இனி நங்கூரம். மடுவுக்கு நேர் மேலே நிறுத்தவே கூடாது. மடுவின் மேல்நீரில், தூண்டில் வசதியாக எட்டும் தொலைவில் நிறுத்த வேண்டும். இரையின் வாடை ஓட்டத்தோடு கீழேதான் போகும். கெளுத்திக்கு வாய்க்குள் மட்டுமல்ல, மீசையிலும் தோலெங்கும் சுவை மொட்டுகள் உண்டு. உடம்பு முழுவதும் நாக்கு என்றால் மிகையில்லை. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு அது ஓட்டத்தை எதிர்த்து மேலே வரும். அதற்கு நேரம் கொடுப்பதுதான் நம் வேலை.

நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் படகைச் சாய்த்துக் கவிழ்த்துவிடும். பின்பக்கம் கட்டினாலும் தண்ணீர் உள்ளே ஏறலாம். ஆழமில்லாத தண்ணீர்தானே என்று இதில் அலட்சியம் காட்டுகிறவர்கள் அதிகம். மிதவை அங்கி போடாமல் நான் யாரையும் படகில் ஏற்றுவதில்லை. கயிறு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் போகட்டும். அப்போதுதான் நங்கூரம் படுத்த நிலையில் அடியைக் கவ்வும். "அக்கா, விடட்டுமா?" என்று தம்பி தாழ்ந்த குரலில் கேட்பான். நான் கையை அசைத்த பிறகு கயிற்றைப் பிடி பிடியாக இறக்குவான். ஓட்டம் மெதுவாக இருந்தால் பின்பக்கம் கழியைச் சேற்றில் ஊன்றித் தளர்வாக ஒரு கட்டும் போடுவோம். படகு இப்படியும் அப்படியும் ஆடினால் இரையும் அடியில் இழுபடும், ஏதோ சரியில்லை என்று மீன் ஒதுங்கிவிடும்.

தூண்டிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நரம்பில், அதாவது தூண்டில் இழையில், ஓடும் ஈயக்குண்டு, அதற்குக் கீழே ஒரு முழ நரம்பு, முனையில் வட்டமாக உள்வளைந்த முள், அதில் கொத்தாக மண்புழு. ஈயம் நரம்பில் வழுக்கிக்கொண்டு ஓடுவதால் இரையை எடுக்கும் மீனுக்குக் கனம் தெரியாது. வட்ட முள்ளுக்கு வெடுக்கென்று சுண்டக் கூடாது. முதலில் கோலின் நுனி துடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். தொடாமல் இருங்கள். கோல் வளைந்து வளைந்தபடியே இருக்கும்போது ரீலை நிதானமாகச் சுற்றினால் முள் பெரும்பாலும் வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். தொண்டைக்குள் போகாததால், திருப்பி விட்டாலும் மீன் பிழைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேறு முள் பயன்படுத்துவதில்லை.

மீன் படகுக்குள் வந்ததும் அவசரம் வேண்டாம். முதுகில் ஒன்றும் பக்கவாட்டில் இரண்டுமாகச் செட்டை முட்கள் விறைத்து நிற்கும். அவை அடிமூட்டில் பூட்டிக்கொள்வதால் அழுத்தினாலும் மடங்காது. கையை ஈரமாக்கிக்கொண்டு, முதுகு முள்ளுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, பக்க முட்கள் விரல்களுக்கு முன்னால் நிற்கும்படி பிடிக்க வேண்டும். சிறிய மீனின் முள்தான் ஊசிபோல் கூராக இருக்கும். பல இனங்களில் அந்த முள்ளைச் சுற்றி நஞ்சுச் சுரப்பிகளும் உண்டு. குத்திவிட்டால், கை தாங்கும் அளவு சூடான நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். வீக்கம் ஏறினாலோ முள் ஒடிந்து உள்ளே இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பிடியில் இருக்கும்போது அது கறகறவென்று குரல் கொடுக்கும். பக்க முள்ளின் அடிப்பகுதியைத் தோள் எலும்பின் குழியில் தேய்த்து எழுப்பும் ஒலி அது. விரலில் அந்த அதிர்வு தெளிவாகத் தெரியும். மீசை மெல்ல என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருக்கும். என்னைச் சுவை பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எத்தனை பிடித்தாலும் இந்த ஒரு கணம் எனக்குப் பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

முட்டையிடும் காலத்தில் நாங்கள் மடுக்களின் பக்கம் தூண்டில் கொண்டுபோவதில்லை. சில இனங்களில் ஆண் மீன்தான் குழிக்குள் கிடந்து முட்டைகளைக் காக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். அந்த நாட்களில் படகில் கழியும் ஒரு நோட்டும்தான் இருக்கும். தம்பி ஊன்றி ஆழம் சொல்வான், நான் குறித்துக்கொள்வேன். வெள்ளம் வந்து போனால் மணல் இடம் மாறிவிடுகிறது. போன வருடம் மார்பளவு இறங்கிய இடம் இந்த வருடம் திட்டாகிவிட்டது, அதற்குக் கீழே புதிதாக ஒரு மரம் சாய்ந்திருக்கிறது, அதன் வேர்ப்பக்கம் இன்னும் அளக்கவில்லை.