33 டிகிரியில் ஓர் இதயம்

இதயம் நின்று மீண்டவர்களைக் குளிரூட்டும் சிகிச்சை எங்கள் ஐசியூவுக்கு வந்த புதிதில், அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. ஐம்பதைத் தாண்டியவர். ஷாக் கொடுத்ததும் துடிப்பு திரும்பிவிட்டது, நினைவுதான் திரும்பவில்லை. குளிரூட்டுவது மூளையைக் காப்பாற்றத்தான். ஆனால் அந்த இரவு முழுக்க நான் கண்காணித்தது இதயத்தை.

2002-இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்த இரண்டு ஆய்வுகள் வெளிவந்த பிறகு பரவிய முறை இது. டாக்டர் வைத்த இலக்கு 33 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம். குளிர்ந்த நீர் ஓடும் விரிப்பைச் சுற்றினோம். வெப்பத்தை அளக்க உணவுக்குழாயில் ப்ரோப்.

முதலில் வந்தது நடுக்கம். தாடையில் கை வைத்தால்தான் தெரியும், அவ்வளவு மெல்லியது. ஈசிஜி கோட்டில் மட்டும் பொடிப்பொடியாய் நெளிவு. நடுங்கினால் ஆக்ஸிஜன் செலவு ஏறும், ஏற்கெனவே அடிபட்ட இதயம் தாங்காது. மயக்க மருந்தைக் கூட்டி, மெக்னீசியம் ஏற்றி, உள்ளங்கைகளையும் பாதங்களையும் மட்டும் கதகதப்பாகச் சுற்றிவைத்தோம். அடங்கியது.

வெப்பம் இறங்க இறங்கத் துடிப்பும் இறங்கியது. நிமிடத்துக்கு 42-இல் வந்து நின்றபோது அலாரம் ஓயவில்லை. துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தைப் போடலாமா என்று டாக்டரைக் கேட்டேன்.

"பிபி என்ன? யூரின் போகுதா? லாக்டேட்?"

எல்லாம் சரியாக இருந்தது, திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாவிட்டால் ரத்தத்தில் கூடும் லாக்டேட் உட்பட.

"அப்ப விட்டுடுங்க சிஸ்டர். குளிர்ல அது அப்படித்தான் அடிக்கும்."

இதயத்துக்குத் தாளம் போடும் செல்களே குளிரில் மந்தமாகிவிடுகின்றன. அட்ரோபின் அதற்குப் பெரிதாக உதவாது. உடலின் தேவையும் டிகிரிக்கு 6 முதல் 10 சதவீதம் வரை குறைவதால், அந்த 42 துடிப்பே போதுமானது. பயப்பட வேண்டியது வெப்பம் இன்னும் கீழே போனால்தான். 30 டிகிரிக்குக் கீழே தாளம் தவற ஆரம்பிக்கும், 28-க்குக் கீழே இதயம் மறுபடி துடிதுடித்து நின்றுபோகலாம். அதனால் மானிட்டரில் 32.6 என்று காட்டியதும் விரிப்பின் குளிரைக் குறைத்தோம்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் காட்டும் க்யூடி இடைவெளியும் நீண்டுகொண்டே போனது. அதை மேலும் நீட்டிவிடும் என்பதால், வாந்திக்கு வழக்கமாகப் போடும் ஒண்டான்செட்ரானைக்கூடத் தொடவில்லை. குளிரில் பொட்டாசியம் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போய்விடும். அதைக் கவனமாக ஏற்றிக்கொண்டிருந்தோம்.

காலையில் அவர் மனைவி வந்தார். கையைத் தொட்டதும் பதறிவிட்டார். "ஐஸா இருக்கே சிஸ்டர், ஒரு போர்வை போத்திவிடுங்களேன்." சொல்லிப் புரியவைக்கிற நிலையில் அவர் இல்லை. அவர் விரலைப் பிடித்துக் கணவரின் கழுத்து நாடியில் வைத்தேன். மெதுவாக, ஆனால் திடமாக அடித்தது. "அடிக்குதும்மா, அடிக்குது" என்று அவரே என்னிடம் சொன்னார்.

என்னைக் கேட்டால் இறக்குவதைவிட ஏற்றுவதுதான் கடினம். மணிக்கு 0.25 டிகிரிதான் ஏற்றலாம். அவசரப்பட்டால் சுருங்கியிருந்த ரத்தக்குழாய்கள் விரிந்து பிபி சரியும், செல்லுக்குள் போன பொட்டாசியமெல்லாம் வெளியே வந்து இதயத்தைத் தாக்கும். அதனால் சூடேற்றும் முன்பே பொட்டாசியம் டிரிப்பை நிறுத்தினோம். எதிர்பார்த்தபடியே பிபி இறங்கியது, பிபியை ஏற்றும் நார்அட்ரினலினைக் கூட்டிச் சமாளித்தோம்.

மயக்க மருந்து குளிரில் மெதுவாகத்தான் உடலை விட்டுப் போகும். 72 மணி நேரம் போகாமல் மூளையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் உறுதியாக இருந்தார். அதற்குப் பிறகுதான் நோயாளி கண் திறந்தார், மனைவியை அடையாளம் கண்டார்.

2021-இல் வந்த பெரிய ஆய்வில், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டவர்களைவிட 33-க்குக் குளிரூட்டியவர்கள் அதிகம் பிழைக்கவில்லை. ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் தாளக் கோளாறும் அவர்களுக்கே கூடுதலாக வந்தது. இப்போது எங்கள் ஐசியூவில் பெரும்பாலும் 37.5-ஐத் தாண்டவிடாமல் பார்ப்பதோடு சரி. யாரையாவது குளிரூட்டச் சொன்னால், முதலில் பொட்டாசியம் ரிப்போர்ட்டைத்தான் கேட்டு வாங்குகிறேன்.