பெரியப்பாவின் கிதாருக்குப் புதுவண்ணம் வேண்டாம்

ஈரோட்டு மெல்லிசைக் குழுவொன்றில் பெரியப்பா வாசித்த ஃபெண்டர் மஸ்டாங் மின்கிதாருக்குப் புதுவண்ணம் பூசலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். 1964-இல் அறிமுகமான இவ்வகைக் கிதாரின் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, காலப்போக்கில் மஞ்சளேறி, மெல்லிய வெடிப்புகள் விட்டு, முன்கை உரசும் இடத்தில் மரம் தெரியுமளவு தேய்ந்திருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் திரும்பக் கிடைக்காது, சந்தை மதிப்பும் பெரிதும் குறைந்துவிடும்.

கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் அப்படியல்ல. அவை மாட்டு லாடத்தைப் போலத் தேய்வதற்கென்றே இருப்பவை. வாசிக்க வேண்டிய கருவியில் அவற்றை மாற்றுவதற்கு எனக்குத் தயக்கமில்லை.

கரகரக்கும் வால்யூம் குமிழின் அடியிலுள்ள பொட்டன்ஷியோமீட்டரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுமின்தடையை, தூக்கியெறியக் கூடாது; அது கருவியின் வயதுக்குச் சான்று. அதன் முதுகில் 1376633 என்றிருந்தால், 137 என்ற குறியீட்டெண்ணுக்குரிய சி.டி.எஸ். நிறுவனம் 1966-இன் 33-ஆவது வாரத்தில் அதைச் செய்தது என்று பொருள். துப்புரவுத் திரவம் தெளித்தாலே பெரும்பாலும் கரகரப்பு அடங்கும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் பெட்டியிலேயே வைக்குமாறு கோயம்புத்தூரில் பழுதுபார்ப்பவரிடம் கேட்டிருக்கிறேன்.