எல்லாக் கோளாறும் ஒரே செவ்வாய்க்கிழமையில்

எங்கள் வீட்டில் எந்தக் கருவி முரண்டு பிடித்தாலும் முதல் விசாரணை புத்தக அலமாரியின் மேல்தட்டில்தான் தொடங்கும். அங்கேதான் என் ராஸ்பெர்ரி பை இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கணினி. ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு, சத்தமே கிடையாது. அச்சுப்பொறி காகிதத்தை மென்றால் "உங்கள் பெட்டியைப் பாருங்கள்" என்பாள் மனைவி. மகளின் விளையாட்டு பாதியில் உறைந்தால் "அப்பா, உங்கள் பெட்டி!" என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். ஒருமுறை அழைப்புமணியின் பேட்டரி தீர்ந்ததற்குக்கூட அதன் மேல் வழக்குப் பதிவானது. அழைப்புமணிக்கும் அதற்கும் இடையே கம்பியும் இல்லை, அலையும் இல்லை, அறிமுகம்கூட இல்லை.

பெட்டியின் வேலை விளம்பரங்களைத் தடுப்பது. பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவியிருக்கிறேன். வீட்டிலுள்ள எந்தக் கருவி எந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்டாலும் கேள்வி இதனிடம் வரும். விளம்பரக்காரர்களின் பெயராக இருந்தால் 0.0.0.0 என்று ஒரு வெற்று முகவரியைச் சொல்லி அனுப்பிவிடும். மற்றவற்றுக்கு உண்மையான முகவரியைத் தேடித் தரும். எத்தனை கேள்விகளை விரட்டியது என்று வண்ண வண்ணமாக வரைபடமும் போடும். நிறுவிய அன்றே வீட்டார் அனைவரையும் கூட்டி அந்த வரைபடத்தைக் காட்டினேன். மகள் "சரி" என்றாள். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: ஏதாவது பொருளைத் தேடினால் மேலே முதலில் வரும் இணைப்புகள் ஏன் திறப்பதில்லை? அவை விளம்பரங்கள், அதனால்தான் திறக்கவில்லை என்று பெருமையுடன் விளக்கினேன். "எனக்கு வேண்டிய பொருள் அதில்தானே இருந்தது?" என்றாள்.

விளம்பரம் நின்றதோடு விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்கள். முகவரிகளை இணைய நிறுவனத்திடம் கேட்பானேன், நாமே இணையப் பெயர் அமைப்பின் உச்சியில் இருக்கும் மூல சேவையகங்களில் தொடங்கி நேரடியாக விசாரித்துக்கொள்ளலாமே என்று அன்பவுண்ட் என்ற இன்னொரு நிரலையும் ஏற்றினேன். வரும் பதில் போலியா அசலா என்று கையொப்பம் பார்த்துச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் வசதியையும் முடுக்கிவிட்டேன். அந்தக் கையொப்பம் இல்லாமலே உலகம் பல ஆண்டுகள் ஓடியது. அந்த உச்சிப் பட்டியலான மூல மண்டலத்துக்கே 2010 ஜூலையில்தான் கையொப்பம் வந்தது. இதை அப்பாவிடம் விளக்கும்போது, பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ் என்ற இந்த ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைப்பதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன, எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் ஆட்கள் உட்கார்ந்து அதைப் பராமரித்தார்கள் என்றும் சொன்னேன். அப்பா பணிக்காலம் முழுவதும் பேரேடு எழுதியவர். "நல்ல ஏற்பாடாகத்தானே இருந்திருக்கிறது, ஏன் மாற்றினார்கள்?" என்றார்.

இனி மெமரி கார்டு. ராஸ்பெர்ரி பை பெரும்பாலும் அதிலிருந்துதான் இயங்கும். நிரல்கள் ஓயாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதைந்துபோகும். சில நேரம் கார்டே போய்விடும். எனக்கு இரண்டும் நடந்தன. நல்ல தடித்த மின்கலன் ஒன்றை இடையில் வைத்தால் தீரும் பிரச்சினைதான் என்றாலும், அதைவிட நேர்த்தியான வழி ஒன்று அமைப்பு நிரலிலேயே இருக்கிறது: கார்டை வாசிக்க மட்டும் விட்டு, எழுத வேண்டிய அனைத்தையும் கணினியின் தற்காலிக நினைவகத்திலேயே எழுதவைப்பது. மின்சாரம் போனால் அது வரை எழுதியது எல்லாம் மறைந்துவிடும். கார்டு மட்டும் பூட்டிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பூட்டைப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு கார்டும் சாகவில்லை. அந்த முடிவை இன்றும் எந்த மேடையிலும் ஆதரித்துப் பேசுவேன்.

அதன் பிறகுதான் இணையம் அவ்வப்போது நிற்கத் தொடங்கியது.

நிற்பதிலும் ஒரு விசித்திரம். கைபேசி, மடிக்கணினி, மகளின் விளையாட்டு எல்லாம் அடங்கிவிடும். தொலைக்காட்சியில் மட்டும் படம் ஓடும். "டிவி ஓடுகிறதே, அப்படியானால் இணையம் இருக்கிறது. உன் பெட்டிதான் கெட்டது" என்றார் அப்பா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், என்னிடம் ஒரு கைமருந்து இருந்தது. ரவுட்டரின் அமைப்புக்குள் போய், பெயர் கேட்கும் இடத்தை என் பெட்டியிலிருந்து நிறுவனத்தின் சேவைக்கு மாற்றுவேன். எல்லாம் உயிர்பெறும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் என் பெட்டிக்கே மாற்றுவேன். அப்போது என் பெட்டியும் அருமையாக வேலை செய்யும்! தொடாத பெட்டி தானாகத் தேறுகிறது என்றால் நோய் அதில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது என்பது என் வாதம். வாதத்தில் ஓட்டை இல்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். தீர்ப்புதான் வேறு மாதிரி வந்தது.

அப்பா பேச்சில் நம்பிக்கை இல்லாதவர். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, நின்ற நேரம், வந்த நேரம், குறிப்பு என்று பத்தி பிரித்துவிட்டார். நானும் விடவில்லை, என்னிடம் நொடிக்கணக்கில் பதிவேடு வைக்கும் கணினி இருக்கிறது. வீட்டில் இரண்டு பதிவுத் துறைகள் இயங்கத் தொடங்கின.

இதற்கு நடுவில் ஒரு கிளைக்கதை. மகளின் கம்பியில்லா மவுஸ் மாலை நேரத்தில் தத்தித் தத்தி நடந்தது. அவள் பேட்டரி மாற்றினாள், மேசையைத் துடைத்தாள், மவுஸையே மாற்றலாம் என்று மனுப் போட்டாள். அலமாரிக்குக் கீழேதான் அவள் மேசை. அந்த நேரத்தில் என் பெட்டியில் செருகிய யுஎஸ்பி 3.0 வட்டில் காப்புப் பிரதி ஓடிக்கொண்டிருக்கும். யுஎஸ்பி 3.0 தரவு பாயும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைவரை பரவும். கம்பியில்லா மவுஸ்கள் பலவும் வைஃபையின் ஒரு பகுதியும் வாழ்வது அங்கேதான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அழைப்புமணிக்குக்கூடப் பெட்டியின் மேல் பழி போட்ட வீட்டில், அது உண்மையிலேயே கையும் களவுமாக இருந்த ஒரே நேரத்தில் ஒருவரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வட்டை நீளமான, நல்ல கவசமுள்ள கேபிளில் தூரமாக நகர்த்திவிட்டு, "பேட்டரியைச் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது" என்றேன்.

பிரதான வழக்குக்கு வருவோம். அடுத்த முறை இணையம் நின்றபோது அப்பா நோட்டுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன் இயந்திரம் என்ன எழுதியிருக்கிறது, வாசி. நானும் சரிபார்த்துக்கொள்கிறேன்" என்றார். திரையைப் பார்த்து வாசித்தேன்: "செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி..." அப்பா எழுதவில்லை. பேனா மூடியால் நோட்டைத் தட்டினார்.

"இன்று ஞாயிறு."

"ஆமாம்."

"போன முறையும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி என்றாய். அதற்கு முந்தைய முறையும். உன் பெட்டிக்கு வாரத்தில் ஒரு நாள்தானா?"

பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினார். குறிப்புப் பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே சொல்: "மின்தடைக்குப் பின்."

தணிக்கை என்பது இதுதான். நான் நொடிக்கணக்கு வைத்திருந்தேன், அவர் தேதி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த நாளிலிருந்து அதில் பேட்டரியுடன் ஓடும் கடிகாரம் கிடையாது. 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில்தான் கடிகாரச் சுற்று சேர்ந்தது; அதற்கும் பேட்டரியை நாம்தான் வாங்கிச் செருக வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை. மின்சாரம் போனால் அதற்குப் பொழுது தெரியாது. கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கார்டில் எழுதிவைத்துக்கொண்டு, விழித்ததும் அங்கிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்ததும், கணினிகளுக்கு நேரம் சொல்லும் என்டிபி என்ற முறை வழியாகச் சரியான நேரத்தைக் கேட்டுக்கொள்ளும். என்டிபி 1985 முதல் இந்தச் சேவையைச் செய்துவருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் என் கார்டுதான் பூட்டிக் கிடக்கிறதே! எழுதிவைக்க முடியாது. எனவே ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் பெட்டி, நான் பூட்டுப் போட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையிலேயே கண்விழித்தது.

சரி, விழித்ததும் நேரம் கேட்க வேண்டியதுதானே? நேர சேவையகத்தின் பெயர் தெரியும், முகவரி தெரியாது. முகவரியை யாரிடம் கேட்கும்? தன்னிடமேதான், வீட்டில் பெயர் சொல்லும் வேலை அதனுடையது அல்லவா? அன்பவுண்ட் வெளியே போய்ப் பதில் வாங்கி வரும், கையொப்பத்தைச் சோதிக்கும். ஒவ்வொரு கையொப்பத்திலும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். பெட்டியின் கணக்கில் இன்னும் பழைய செவ்வாய்க்கிழமை நடக்கிறது. கையொப்பமோ அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான் செல்லுபடியாகத் தொடங்குகிறது. எதிர்காலத்திலிருந்து வந்த கடிதத்தை எந்த நேர்மையான அதிகாரி ஏற்பார்? நிராகரித்துவிடும். முகவரி இல்லை, அதனால் நேரம் இல்லை. நேரம் இல்லை, அதனால் முகவரி இல்லை. பூட்டுப் போட்ட புதிதில் மின்சாரம் போனபோது ஒன்றும் ஆகாததற்கும் காரணம் புரிந்தது: அப்போது தேதி அதிகம் விலகவில்லை, கையொப்பங்கள் செல்லுபடியாகின.

என் கைமருந்து பலித்த ரகசியமும் இதில் இருந்தது. ரவுட்டரை நான் நிறுவனத்தின் சேவைக்கு மாற்றிய அந்தச் சில நிமிடங்களில் பெட்டியும் அதே வழியாக நேர சேவையகத்தைக் கண்டுபிடித்து, கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்துவிடும். தொலைக்காட்சி யாரிடமும் கேட்பதில்லை, 8.8.8.8 என்ற பொது சேவையின் எண்ணை உள்ளேயே பொதித்து வைத்திருக்கிறது. இத்தனை நாளும் என் விளம்பரத் தடுப்பு அதன் பக்கமே போகவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. அது தனி வழக்கு.

நேர சேவையகத்தைப் பெயரால் அல்லாமல் எண்ணாலேயே குறித்துவிட்டால் போதும், ஒரே வரியில் முடியும். ஆனால் ஒரே வரியில் முடியும் தீர்வுக்கு சால்டரிங் அயர்ன் தேவைப்படாது. எனவே டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு பொருத்திய சிறு பலகையை வரவழைத்தேன். ஆண்டுக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும், அவ்வளவு ஒழுங்கு. எளிதாகக் கிடைக்கும் இத்தகைய பலகைகள் பலவற்றில் பேட்டரியை மின்னேற்றும் சுற்று ஒன்றும் இருக்கும். அதில் மின்னேற்றக் கூடாத சிஆர்2032 பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் அந்தச் சுற்றில் உள்ள ஒரு மின்தடையத்தை அகற்றிவிடுவது வழக்கம். எள்ளைவிடச் சிறியது. சூடு பட்டதும் எகிறிப் பறந்தது. எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் நடக்கும் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

கடிகாரத்தைச் செருகி, அமைப்புக் கோப்பில் அதற்குரிய வரியை எழுதி, மறுதொடக்கம் செய்தேன். வரியைக் காணவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடி காணவில்லை. நான் போட்ட பூட்டு அவ்வளவு கச்சிதமாக வேலை செய்தது. பூட்டைத் திறந்து, எழுதி, நேரத்தைச் சில்லில் பதித்து, திரும்பப் பூட்டினேன். அப்பா பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தார். சோதனைக்காக மின்னிணைப்பை அவரே பிடுங்கிச் செருகினார். பெட்டி எழுந்தது. ஞாயிறு, சரியான நேரம். நோட்டில் பதிந்துகொண்டார், பிறகு சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருப்பதாக என்னிடம் புகார் கொடுத்தார்.

அடுத்து வந்த மின்தடையின்போது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூடத்தில் காத்திருந்தேன். மின்சாரம் திரும்பியது. ரவுட்டர் கண்விழித்தது, பெட்டியின் பச்சை விளக்கு துடித்தது, கைபேசிகள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. மனைவிதான் திரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பரவாயில்லையே, இணையக்காரர்கள் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள்." அந்த நிறுவனம் அனுப்பியிருந்த கருத்துக்கேட்பு அப்போது அவள் கையில் திறந்திருந்தது. நான் வாய் திறப்பதற்குள் ஐந்து நட்சத்திரத்தையும் கொடுத்து முடித்துவிட்டாள்.