காகம், கீரி, மயில்

மார்ச் 2, 2024

அடை வைத்த ஒன்பது முட்டைகளில் ஏழு பொரித்தன. இன்றோடு ஏழு வாரம். மூன்று குஞ்சுகளுக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கிவிட்டது; சந்தேகமே இல்லை, மூன்றும் சேவல். நிறத்தைப் பார்த்துக் காகம், கீரி, மயில் என்று கூப்பிடுகிறேன்.

எட்டுப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் தாராளம். சென்ற ஆண்டு இதை நான் பொருட்படுத்தவில்லை, அனுபவித்தது வெள்ளச்சி என்ற பெட்டை. அப்போதிருந்த மூன்று சேவல்களும் மாறி மாறி மிதித்ததில் அவள் முதுகில் ஓர் இறகுகூட மிஞ்சவில்லை. கால்முள் கிழித்த இடத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. கடைசியில் சேவல்களைக் கொடுத்தேன். "வளர்க்கத்தான்" என்று சொல்லி வாங்கிப் போனவர் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்று குழம்பாகிவிட்டது. இந்த முறை ஒன்றையும் கொடுக்கப் போவதில்லை.

மார்ச் 5

"ஒன்றைக் கருப்பராயனுக்கு நேர்ந்துவிடு கண்ணு, புண்ணியமாவது கிடைக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் உள்ளங்கையில் தவிடு தின்று வளர்ந்த குஞ்சு அது.

கோவையில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசினேன். காளைக்கும் கிடாய்க்கும் காயடிப்பது போலச் சேவலுக்குச் செய்ய முடியாது. அதன் விரைகள் வெளியே இல்லை. வயிற்றுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் மேல்முனையில், பெரிய இரத்தக் குழாய்களின் பக்கத்தில் இருக்கின்றன. வளர்ந்த சேவலில் அவை பெருத்துவிடும். ஒரு குழாய் கிழிந்தாலும் நிமிடங்களில் உயிர் போய்விடும். சென்ற ஆண்டு என் சேவல்களைத் தொட அவர் மறுத்ததும் அதனால்தான். குஞ்சுப் பருவத்திலேயே செய்தால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போகாது என்று ஒளிக்காமல் சொன்னார்.

பிரான்சில் பிரெஸ் என்ற பகுதியில் கிறிஸ்துமஸ் விருந்துக்கென்றே இப்படிக் காயடித்த சேவலைக் கொழுக்க வைக்கிறார்கள். இறைச்சிக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வராது. மயக்க மருந்து இல்லாமல் செய்கிறேன் என்று யார் வந்தாலும் குஞ்சைத் தொடவிட மாட்டேன்.

மார்ச் 9

காகத்தை அப்படியே விட்டுவிட்டேன். தீனி கண்டால் தான் தின்னாமல் மற்றவற்றைக் கூப்பிடும் குணம் அதற்கு இப்போதே வந்துவிட்டது. கீரியையும் மயிலையும் அட்டைப் பெட்டியில் வைத்துக் காலை பஸ்ஸில் மருத்துவரிடம் கொண்டுபோனேன். நேற்று மாலையோடு தீனியை நிறுத்தச் சொல்லியிருந்தார். குடல் வெறுமையாக இருந்தால்தான் உள்ளே பார்க்க முடியுமாம்.

கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே சிறிய வெட்டு. எடுத்ததைத் தட்டில் காட்டினார்: வெளிர்மஞ்சள் நிறத்தில், கோதுமை மணியை விடச் சற்றுப் பெரியது. மயிலுக்கு வலப்பக்கத்தில் இரத்தம் கசிந்ததால் அவசரமாக முடிக்க வேண்டியதாயிற்று. மாலையில் இரண்டும் எழுந்து நின்று தண்ணீர் குடித்தன. அதுவரை நான் சாப்பிடவில்லை.

மார்ச் 13

கீரியின் விலாப்பக்கம் பலூன் போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் பொரித்த அப்பளம் நொறுங்குவது போல இருந்தது. பயந்து மறுபடியும் பஸ் ஏறினேன். அறுவையின்போது திறந்த காற்றுப் பையிலிருந்து (பறவைகளுக்கு நுரையீரலோடு சேர்ந்து உடம்புக்குள் இருக்கும் பை) கசியும் காற்று தோலுக்கடியில் தேங்கும் என்று விளக்கி, ஊசியால் குத்தி, மெல்ல நீவி வெளியேற்றினார். "மறுபடியும் உப்பினால் கொண்டு வாருங்கள், நீங்களாகக் குத்த வேண்டாம்" என்றார்.

ஏப்ரல் 28

காகத்தின் கொண்டை செம்பருத்தி போல இருக்கிறது. கீரியின் கொண்டை வெளுத்துச் சிறுத்து, பெட்டைக் கொண்டை போலவே ஆகிவிட்டது. வால் இறகுகள் மட்டும் சேவலுக்குரிய வளைவோடு நீள்கின்றன.

ஜூன் 16

அதிகாலையில் இரண்டு குரல்கள். ஒன்று காகம், மற்றது கரகரத்த, பாதியில் உடைந்த கூவல். மயில்!

கொண்டையைப் பார்த்தேன், சிவந்திருக்கிறது. வலப்பக்கத்தில் விரையின் ஒரு துணுக்கு தங்கி, வளர்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்பவர் இதையே சோதித்துக் காட்டியிருக்கிறார். காயடித்த சேவல் குஞ்சுகளின் வயிற்றுக்குள் ஒரு விரையைத் திரும்ப வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் அவை கூவின, சண்டையிட்டன, கொண்டையும் வளர்ந்தது. இரத்தத்தில் ஏதோ கலந்து உடலெங்கும் போகிறது என்று அவர் கண்டதைத்தான் இன்று ஹார்மோன் என்கிறோம். துணுக்கு போதும்.

மீண்டும் அறுக்கலாமா என்று கேட்டேன். இப்போது ஆபத்து அதிகம் என்றார். வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஜூலை 14

மயிலுக்குத் தனி அடைப்பு கட்டியாயிற்று, துணைக்குக் கீரி. முதல் இரண்டு நாள் மயில் கொத்தியது; கீரி எதிர்த்து நிற்கவில்லை, மயிலும் விட்டுவிட்டது. இப்போது ஒரே கம்பில் தோளோடு தோளாகத் தூங்குகின்றன. இரவில் இருட்டுக் கூட்டில் அடைப்பதால் கூவல் விடிந்த பிறகுதான் கேட்கிறது. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளச்சியின் முதுகில் நீலக் குருத்துகளாக இறகு முளைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அடை வேட்கை வந்து வெறும் கூட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுகிறேன். பொரித்தால் பாதி சேவலாகத்தான் இருக்கும். கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமுகிறாள். தூக்கி வெளியே விட்டேன், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துவிட்டாள்.