பத்தாவது ஆளைச் சேர்க்கும் முன்

திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்கள் பல, பத்துப் பேரைத் தாண்டாமலே வருடக்கணக்கில் ஓடுகின்றன. ஆர்டர் வந்தாலும் ஆள் சேர்க்கத் தயங்குவார்கள். பெரும்பாலும் காரணம் சனிக்கிழமைச் சம்பளம்.

ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 5 டெய்லர்களுக்கு வாரம் 6 ஷிப்ட் என்றால் 18,000. தைத்து பில் போட ஒரு வாரம், பணம் வர 60 நாள். அதற்குள் 9 சனிக்கிழமை வந்து போய்விடும். முதல் ரூபாய் கைக்கு வருமுன் 1,62,000 சம்பளமாகவே போயிருக்கும். மெஷினுக்குக் கடன் வாங்கும்போது இந்தத் தொகையையும் சேர்த்து நடைமுறை மூலதனம் கேளுங்கள். கந்து வட்டியில் சமாளித்தால் தையல் கூலியின் லாபம் வட்டிக்கே சரியாகிவிடும்.

உத்யம் பதிவை (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வேலை எடுக்கும் முன்பே முடித்து, எண்ணை ஒவ்வொரு பில்லிலும் போடுங்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. ஆனால் ஆர்டர் போய்விடும் என்று பயந்து பலரும் புகார் கொடுப்பதில்லை; அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால் முதல் ஆர்டரிலேயே 30 நாள் என்று எழுதி வாங்குவது நல்லது. வாங்குபவர் கம்பெனியாக இருந்து, விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால், அவர் டிரெட்ஸ் என்ற பில் தள்ளுபடி ஆன்லைன் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கே அவர் பில்லை ஏற்றுக்கொண்டால், கொஞ்சம் கழிவு போக மீதியை முன்கூட்டியே வாங்கிவிடலாம்.

அடுத்து, எந்த மெஷினுக்கு ஆள்? ஓரம் சேர்க்கும் ஓவர்லாக் மெஷினில் மணிக்கு 80 பீஸ் இறங்கி, மடித்து அடிக்கும் பேட்லாக் மெஷினில் 50தான் நகர்கிறது என்றால், ஓவர்லாக்கில் இன்னொருவரைப் போடுவதால் பீஸ் குவியுமே தவிர பில் கூடாது. ஒரு நாள் முழுக்க மணிக்கு மணி எண்ணி எழுதுங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் புது ஆள். செக்கிங்குக்கு ஆள் இல்லாமல் டெய்லரை மட்டும் கூட்டினால், தையல் விட்டது பேக்கிங்கில்தான் தெரியவரும். பிரித்துத் தைக்கும் கூலி நம் தலையில்.

பத்தாவது ஆளில் தொடங்கும் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பயந்து ஒன்பது பேரோடு நிறுத்துபவர்களும் உண்டு. மாதம் 15,600 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 507 ரூபாய். ஊசி ஏறிய விரலுக்கு மருத்துவச் செலவும் விடுப்புக் கூலியும் அதிலிருந்தே கிடைக்கும். பெரிய செலவு பிஎஃப்தான்: இருபதாவது ஆளில் தொடங்கும், 12 சதவீதம். பதினெட்டு பேர் இருக்கும்போதே அதைக் கூலி ரேட்டில் ஏற்றிப் பேசிவிட வேண்டும்.