பட்டு அஞ்சலட்டை

நவம்பர் 4, திங்கள்

எதிர்வீட்டு பறங்கி அன்ரி மழைக்குள் வந்தார். பைக்குள் பை, அதற்குள் பிஸ்கட் டின், அதற்குள் ஓர் அஞ்சலட்டை. "பிள்ளை, இதைத் தைக்க ஏலுமா?" அட்டையின் நடுவில் பட்டு வலைத்துணி, அதில் ஊதாப் பூவும் இரண்டு நாட்டுக் கொடிகளும். முதல் உலகப் போருக்குப் போன அவருடைய தாத்தா பிரான்ஸில் வாங்கி அனுப்பியதாம். பட்டையே மடித்துச் சின்னப் பை மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்தப் பையின் வாய்தான் கிழிந்திருக்கிறது. சிறுவயதில் விரலை விட்டு விட்டுப் பார்த்தது தான்தான் என்று அன்ரி ஒப்புக்கொண்டார்.

நவம்பர் 5

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஊசி போட்டால் கிழிசல் இன்னும் ஓடும். அடியில் ஓகன்ஸா என்ற மெல்லிய துணி கொடுத்துத் தாங்க வைப்பதுதான் சரி. இந்த அட்டைகளுக்கு நீளமான துணியில் ஒரே டிசைனை வரிசையாகத் தைத்து, வெட்டி, அட்டையில் ஒட்டி விற்றிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பெண்கள் பலருக்கு அது வீட்டு வருமானம். தைத்தவளின் புருஷனும் அந்நேரம் எங்கோ பதுங்குகுழியில் இருந்திருக்கலாம்.

நவம்பர் 9, சனி

வகுப்பில் முடிச்சுத் தையல். பிள்ளைகளுக்கு அலுப்பு. அதனால் ஜப்பான்காரரின் 'சென்னின்பரி' கதையை எடுத்துவிட்டேன். போருக்குப் போகிறவனுக்கு வீட்டுப் பெண்கள் ஓர் இடுப்புத் துணி செய்வார்கள். தெருவோரம் நின்று, போகிற வருகிற பெண்களிடமெல்லாம் ஆளுக்கொரு சிவப்பு முடிச்சுக் கேட்பார்கள். ஆயிரம் முடிச்சு சேர வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் புலி வருடத்தில் பிறந்தவள் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை போடலாம். புலி ஆயிரம் காதம் போனாலும் திரும்பி வருமாம். எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குத்தான்: ஐம்பது வயதுக்காரி கிடைத்தால் ஒரே ஆளிடம் ஐம்பது முடிச்சு!

பின்வரிசைப் பெண் கேட்டாள்: "அப்ப, 1942இல கொழும்பில குண்டு போட்ட ஜப்பான்காரனும் அதைக் கட்டியிருப்பானோ, ரீச்சர்?"

அந்தக் குண்டு விழுந்தது ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கட்டியிருக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு வகுப்பில் சத்தமில்லை. எங்கள் போரில் இப்படித் துணி எதுவும் நான் பார்த்ததில்லை. அம்மாமார் கையில் காணாமற்போன பிள்ளையின் பாஸ்போர்ட் அளவுப் படம்தான் இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

முதல் உலகப் போர் நின்ற நாள். போரில் செத்தவர்களை நினைத்துக் குத்தும் சிவப்புப் பொப்பிப் பூவோடு அன்ரி வந்தார். 1930களில் இதே நாளில் கொழும்புத் தெருக்களில் போட்டிக்குச் சூரியமல், அதாவது நம் பூவரசம்பூ, விற்றார்கள். பொப்பிக் காசில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போனதென்று உள்ளூர்ப் பழைய சிப்பாய்களுக்குக் கோபம். சொன்னேன். "அது தெரியும் பிள்ளை, எங்கட வீட்டில இரண்டும் வாங்குவினம்" என்றார்.

அட்டையைக் கொடுத்ததும் பழக்கதோஷம், பைக்குள் அன்ரியின் விரல் போய்விட்டது. உள்ளிருந்து சின்ன அட்டை வந்தது. பின்பக்கம் வெறுமை.

"ஒண்டும் எழுதேல்லையா அன்ரி?"

"அவருக்கு எழுத்து வராது. வந்து கதைகதையாச் சொன்னவராம். பாட்டிக்குக் காது வலிச்சுப் போச்சாம்."