ஃப்ளோவென்ட் நின்றுபோன குளிர்காலம்

2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் ஃப்ளோவென்ட் என்ற ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்துவதாக மருந்து நிறுவனமான ஜி.எஸ்.கே. அறிவித்தபோது, நான் அங்கே ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் மருந்துப் பிரிவில் பார்மசிஸ்டாக இருந்தேன். மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலை கிடையாது. எந்த மருந்துக்குக் காப்பீடு உண்டு, எதற்கு முன் அனுமதி வேண்டும் என்ற ஃபார்முலரிப் பட்டியலைப் பார்த்துக்கொள்வதும், அது மாறும்போது டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் விளக்குவதும்தான் வேலை. கடிதம் போட்டாயிற்றே, இன்னும் என்ன விளக்கம் என்று கேட்பவர்கள் எங்கள் பிரிவிலேயே உண்டு.

ஏன் நிறுத்தினார்கள்? குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு மருந்து நிறுவனங்கள் தரவேண்டிய தள்ளுபடிக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2021-இல் வந்த சட்டம் அந்த வரம்பை 2024 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டது. பல ஆண்டுகளாக விலை ஏறிவந்த மருந்துகளுக்கு, விற்ற விலையைவிடத் தள்ளுபடியே அதிகமாகிவிடக்கூடிய நிலை. ஃப்ளோவென்ட் விஷயத்திலும் பலர் சுட்டிய காரணம் இதுதான். அதே இன்ஹேலர், அதே மருந்து, பிராண்டு பெயர் மட்டும் இல்லாமல், ப்ராஸ்கோ என்ற நிறுவனத்தின் மூலம் ஜெனரிக்காக வந்துகொண்டிருந்தது. அப்படியானால் அதையே கொடுக்கலாமே என்று தோன்றும். எங்கள் பட்டியலில் அதற்கு முன் அனுமதி வேண்டும். பிராண்டு மருந்துகளுக்கு நிறுவனங்களிடமிருந்து எங்களுக்கு வரும் தள்ளுபடி ஜெனரிக்குக்கு வராது. அதனால் ஆர்னுவிட்டி எலிப்டா, க்யூவார் என்ற வேறு இரண்டு பிராண்டு இன்ஹேலர்கள் முன்னுக்கு வந்தன. பணம் சம்பந்தப்படவில்லை என்று நான் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

முதலில் கடிதம்தான் போனது. டாக்டர்களுக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்று. "உங்கள் மருந்தின் காப்பீட்டு நிலை மாறுகிறது" என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒரு தாய் என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். ஜனவரியில் மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிடுவார். அப்படித்தான் நடந்தது.

அதன் பிறகு கிளினிக்குகளோடு நேரடியாகப் பேச ஆரம்பித்தோம். எங்கள் துறையில் இதற்கு 'அகாடெமிக் டீடெய்லிங்' என்று பெயர். மருந்துக் கம்பெனி பிரதிநிதி டாக்டரை உட்காரவைத்துப் பேசும் அதே உத்தியை, விற்பனை நோக்கம் இல்லாமல் ஆதாரங்களைச் சொல்லப் பயன்படுத்தலாம் என்று ஜெர்ரி அவோர்னும் ஸ்டீபன் சூமராயும் 1983-இல் ஆய்வு செய்து காட்டினார்கள். நான் ஸ்லைடுகளோடு தயாராகப் போனேன். ஆஸ்துமா வழிகாட்டுதல்களைப் பற்றிக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. குழந்தை மருத்துவர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐந்து வயதுக்குக் கீழே எதை எழுதினால் திருப்பி அனுப்பமாட்டீர்கள்?"

கேள்வியின் நியாயத்தை விளக்க வேண்டுமானால் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ளோவென்ட் எச்.எஃப்.ஏ. அழுத்தினால் பீய்ச்சும் வகை. ஸ்பேசர் என்ற இணைப்புக் குழாயும் முகமூடியும் மாட்டிவிட்டால் கைக்குழந்தைகூட வழக்கம்போல மூச்சுவிட்டே மருந்தை எடுத்துக்கொள்ளும். ஆர்னுவிட்டி உலர் பொடி. நோயாளி தானே பலமாக, ஆழமாக இழுத்தால்தான் நுரையீரலுக்குப் போகும். ஐந்து வயதிலிருந்துதான் அதற்கு அனுமதி. க்யூவார் ரெடிஹேலர் நான்கு வயதிலிருந்து. ஆனால் இழுக்கும் மூச்சே அதை இயக்குவதால் அதில் ஸ்பேசர் மாட்டக்கூடாது. பட்டியலில் மூன்றும் "உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு" என்ற ஒரே தலைப்பின் கீழ் இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தலைப்பால் ஒரு பயனும் இல்லை. போதாக்குறைக்கு ஆர்னுவிட்டியில் லாக்டோஸ் உண்டு. பால் புரத ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்களுக்குக் கொடுக்கக்கூடாது.

ஸ்லைடுகளை ஓரம் வைத்துவிட்டு ஒரே ஒரு தாள் தயாரித்தோம். வயது, கருவி, ஸ்பேசர் உண்டா இல்லையா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, முன் அனுமதிப் படிவத்தில் எந்த விவரம் இருந்தால் உடனே முடியும். "நோயாளிக்கு இந்த மருந்து தேவை" என்று மட்டும் எழுதினால் படிவம் சுற்றிக்கொண்டே இருக்கும். "வயது 3, உலர் பொடியை இழுக்கும் அளவுக்கு மூச்சு வேகம் இல்லை, முகமூடியுடன் ஸ்பேசர் தேவை" என்று எழுதினால் அதே நாளில் முடிந்துவிடும். இந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்ததைவிட, படிவங்களை உண்மையில் நிரப்புகிற மெடிக்கல் அசிஸ்டென்டிடம் கொடுத்ததுதான் பலன் தந்தது. கிளினிக்கில் யாரிடம் பேசவேண்டும் என்று யாராவது கேட்டால் என் பதில் இன்றும் அவர்தான்.

நோயாளிகளோடு பேசியது வேறு கதை. காப்பீட்டிலிருந்து போன் என்றாலே பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். மீதிப் பேரிடம் முதலில் பிறந்த தேதி கேட்டு ஆளை உறுதிசெய்ய வேண்டும். தனியுரிமைச் சட்டம் அப்படி. அந்தக் கேள்வியிலேயே இன்னும் சிலர் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் நேரடியாகவே கேட்டார்கள்: "பணம் மிச்சம் பிடிக்கத்தானே மாற்றுகிறீர்கள்?" ஆமாம், அதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பேச்சு இயல்பானது. மழுப்பியிருந்தால் அடுத்து நான் சொல்லும் எதையும் காதில் வாங்கியிருக்கமாட்டார்கள்.

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அதனால் "கருவியைக் கையில் எடுங்கள், எப்படிச் செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். அப்போதுதான் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். ஒருவர் எலிப்டாவைப் பழைய இன்ஹேலர் மாதிரி குலுக்கினார். இன்னொருவர் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இழுக்காமல் மூடினால் அந்த ஒரு டோஸ் வீண் என்று அவருக்குத் தெரியாது. பழைய மருந்தைக் காலையும் மாலையும் எடுத்தவர்கள், நாளுக்கு ஒரே முறை எடுக்கவேண்டிய ஆர்னுவிட்டியையும் இரண்டு வேளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாய் கொப்பளிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவே இல்லை என்றார்கள் பலர். கொப்பளிக்காவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். அது வந்ததும் மருந்தையே நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தியவர்களைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. மருந்துக்கடை எங்களுக்கு அனுப்பும் பில் விவரத்தில், ஸ்டீராய்டு இன்ஹேலர் வாங்காமல், மூச்சுத்திணறலுக்கு உடனடி நிவாரணம் தரும் அல்ப்யூட்டராலை மட்டும் திரும்பத் திரும்ப வாங்குபவர் யார் என்று தெரியும். காப்பீட்டுத் திட்டங்களின் அப்போதைய தரமதிப்பீட்டுக் கணக்கில், வாங்கிய ஆஸ்துமா மருந்துகளில் ஸ்டீராய்டு போன்ற கட்டுப்படுத்தும் மருந்தின் பங்கு 0.5-க்குக் கீழே போனால் அது எச்சரிக்கை. திட்டத்துக்கு அது மதிப்பெண். எனக்கு அது அடுத்து யாரைக் கூப்பிடவேண்டும் என்கிற பட்டியல். அல்ப்யூட்டரால் உடனே மூச்சை இலகுவாக்குவதால் அதுதான் "வேலை செய்கிற மருந்து" என்று மனசில் பதிந்துவிடுகிறது. ஸ்டீராய்டின் பலன் மெதுவாக வரும், உடனே ஒன்றும் தெரியாது. இதை விளக்கத்தான் அதிக நேரம் ஆனது. ஆனால் ஒருமுறை புரிந்துகொண்டவர்கள் மறுபடி மருந்தை விட்டது குறைவு.

இதற்கிடையில் கிளினிக்குகளின் புகார்களையும் நிராகரிப்புகளையும் தொகுத்து, மருந்துகளைத் தேர்வு செய்யும் எங்கள் பி அண்ட் டி குழுவின் முன் வைத்தோம். ஐந்து வயதுக்குக் கீழே வரும் முன் அனுமதிகளை எப்படியும் ஒப்புக்கொள்ளத்தான் போகிறோம் என்றால், கேட்பானேன்? விவாதம் நீண்டது, செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கடைசிவரை அசையவில்லை. முடிவில், அந்த வயதுக்கு ஃப்ளோவென்டின் ஜெனரிக்கான ஃப்ளூட்டிகசோன் அனுமதி கேட்காமலே போகும்படி மாற்றினார்கள். அன்றே தாளின் முதல் வரியைத் திருத்தி எல்லாக் கிளினிக்குகளுக்கும் அனுப்பினோம். ஒரு நுரையீரல் நிபுணர் மட்டும் இன்றுவரை ஒவ்வொரு குழந்தைக்கும் படிவத்தை முழுதாக நிரப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார், தேவையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும்.